சிக்கன நிலை

காலை ஆறே முக்காலுக்கு நிதர்சன் தன் மனைவியை அடையாளம் கண்டுகொண்டார். எட்டு வருடங்களாக இது ஒருநாளும் தவறியதில்லை. ஆறரைக்கு விழிப்பார். கட்டிலில் கால்களைத் தொங்கப்போட்டபடி, அறைக்குள் நடமாடும் அந்நியப் பெண்ணைப் பார்த்து மரியாதையாகப் புன்னகை செய்வார். அவருடைய காதுக்குப் பின்னால், தோலுக்கடியில் இருக்கும் முகவூன்றி, ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்த தொலைபேழையோடு பேசி முடிக்கக் கால் மணி நேரம் பிடிக்கும். பேசி முடித்ததும் அந்தப் புன்னகை மறையும். "காப்பி போட்டாச்சா?" என்பார். அந்தக் கேள்வி வந்தால்தான் கவினயாவுக்குப் பொழுது விடிந்த மாதிரி.

மூளைக்காய்ச்சல் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஆளை அடையாளம் காணும் திறனை மட்டும்தான். கண்ணும் மூக்கும் வாயும் அவருக்குத் தனித்தனியாகத் தெரிந்தன. எல்லாம் சேர்ந்து யார் என்பதுதான் தெரியவில்லை. குரல்களும் அப்படியே. ஊகித்துக்கொள்ளலாமே என்றால், முதல் மாதம் ஊகிக்கத்தான் செய்தார். ஊகித்து, மின்வாரியத்திலிருந்து கணக்கெடுக்க வந்த பெண்ணிடம் தலை துவட்டத் துண்டு கேட்டார். அதன் பிறகு ஊகிப்பதை விட்டுவிட்டு, முகவூன்றி சொல்லும்வரை எல்லோரையும் விருந்தாளியாக நடத்தத் தொடங்கினார். "நான்தான் கவி" என்று அவள் சொன்னால், "அப்படியா, ரொம்ப சந்தோசம்" என்று கைகூப்புவார்.

முகவூன்றி வேலை செய்ததற்கு அந்தத் தலைமுறையின் ஒரு பழக்கம் காரணம். வேலைக்குச் சேரும் வயதில் எல்லோரும் கண்ணில் பதிவுவில்லை பொருத்திக்கொண்டார்கள். பார்ப்பதெல்லாம் பதிவாகித் தொலைபேழைக்குப் போய்ச் சேரும். சேர்த்ததை யாரும் திரும்பப் பார்த்ததில்லை. யாரும் பாராத அந்தக் குவியல்தான், காய்ச்சலுக்குப் பிறகு நிதர்சனுக்கு உறவும் ஊரும் ஆயிற்று. எதிரில் வரும் முகத்தை முகவூன்றி பேழைக்கு அனுப்பும். பேழை முப்பத்தைந்து வருடத்துப் பதிவுகளைத் துழாவி, இது இன்னார் என்று திருப்பிச் சொல்லும்.

சித்திரையில், தொலைபேழையை நடத்தும் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. மூன்றாம் தலைமுறைப் பேழைகளை அக்டோபர் பதினைந்தோடு மூடுகிறார்கள். புதிய தலைமுறைக்கு மாறுவதென்றால் மண்டையைத் திறக்க வேண்டும். நிதர்சனின் இதயம் அதைத் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒருவர் பார்த்ததெல்லாம் அவருக்கே சொந்தம் என்று சட்டம் இருந்ததால், அவருடைய பதிவுகள் செங்கல் அளவில் நான்கு பெட்டிகளாகக் கூரியரில் வந்து சேர்ந்தன. கூடவே ஒரு துண்டறிக்கை: விரும்புவோர் வீட்டிலேயே பேழை அமைத்துக்கொள்ளலாம்.

கவினயா அதை நான்கு முறை வாசித்தாள். விரும்புவதைப் பற்றிய கேள்வியே அவளுக்கு எழவில்லை. அக்டோபர் பதினாறாம் தேதி காலையில் அந்தப் புன்னகை மறையாமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவள் கவலை. எந்நேரமும் தன்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருக்கும் கணவனோடு அவள் எத்தனை வருடம் வாழ்வது?

பேழைக்கு மின்சாரம் வேண்டும்; பகலும் இரவும் ஒரு நொடி விடாமல் வேண்டும். மின்வாரியத்தின் கம்பியிலிருந்து அதை எடுக்க முடியாது. கணிப்பொறிக் கூடங்கள் ஒரு காலத்தில் மாநிலத்து மின்சாரத்தையெல்லாம் குடித்துத் தீர்த்ததால், வீட்டு இணைப்பில் விளக்கும் விசிறியும் அடுப்பும் தவிர வேறெதுவும் ஓடக்கூடாது என்று விதி. இடைவிடாமல் கணிக்கும் இயந்திரத்தை மீட்டர் பத்தே நிமிடத்தில் மோப்பம் பிடித்து இணைப்பைத் துண்டித்துவிடும். ஆகவே சொந்த மின்சாரம்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கீழே இருந்த அந்த ஊரில் காற்றுக்குப் பஞ்சமில்லை. கவினயா இருபத்தாறு வருடம் காற்றாலை உதிரிபாகக் கிடங்கில் இருப்புப் பார்த்தவள். எந்த பேரிங் எந்தப் பெட்டியில் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள். அடுத்த வீட்டு ஹர்ஷித் அண்ணாச்சி காற்றாலைக் கோபுரங்களில் ஏறி வேலை செய்த மெக்கானிக். வயது எழுபத்தொன்று. அவர் படித்த காலத்தில் வகுப்புக்கு மூன்று ஹர்ஷித் இருந்தார்களாம்.

ஆனியில் வேலை தொடங்கியது. சூரியப் பண்ணையில் கழித்துப்போட்ட ஆறு பலகைகளை அண்ணாச்சி காயலான் கடையிலிருந்து கொண்டுவந்தார். ஒன்றில் ஆலங்கட்டி விழுந்த விரிசல் இருந்தது. பசை வைத்து அடைத்தார்கள். ஓடாத மின் ஆட்டோக்களின் பேட்டரி செல்களைப் பிரித்து, ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்து, உப்பியவற்றை ஒதுக்கி, நல்லவற்றைக் கவினயா சாக்கட்டியால் எண் போட்டு அடுக்கினாள். நீலத் தண்ணீர் டிரம் ஒன்றை நெடுக்காகப் பிளந்து, இரண்டு பாதிகளையும் எதிரெதிராகப் பொருத்தி, மாடியில் காற்றாடி நிறுத்தினார்கள். பேழையை மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய பீரோவுக்குள் வைத்தார்கள். சூட்டைத் தேடி எறும்பு வரும் என்று அண்ணாச்சி பீரோவைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு போட்டார். பல்லி வராமலிருக்கக் கொசுவலை அடித்தார்.

ஆடியில் காற்று வீட்டையே தூக்கிக்கொண்டு போய்விடும் போலிருந்தது. காலை பத்து மணிக்கெல்லாம் பேட்டரிகள் நிரம்பிவிட்டன. ஆவணியில் ஒருநாள், கவினயா முகவூன்றியை நிறுவனத்திலிருந்து பிரித்து வீட்டுப்பேழையோடு இணைத்தாள். மறுநாள் காலையில் நிதர்சன் கண்விழித்த மூன்றாவது நிமிடத்தில் காப்பி கேட்டார். பன்னிரண்டு நிமிடம் மிச்சம்.

"கம்பெனிக்காரன் ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் வச்சிருந்தத நீ மாடிப்படிக்கு அடியில கொண்டாந்துட்டியேம்மா," என்றார் அண்ணாச்சி.

அவள் கைத்திரையில் பேட்டரியின் இருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்று நான்கு.

அன்று தொடங்கிய வழக்கம் அது. குழம்பு கொதிக்கும்போது பார்த்தாள். குளிக்கப் போகுமுன் பார்த்தாள், வந்து பார்த்தாள். காலையில் விழித்ததும் புரண்டு படுத்துக் கைத்திரையை எடுத்து, எண்ணைப் பார்த்த பிறகே எழுந்தாள். ஒரு மேகம் சூரியனைக் கடந்தால் மறுபடியும் பார்த்தாள். காற்றாடியின் கிறீச்சொலி நின்றால் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டினாள். நிதர்சனும் ஏதாவது பேசிக்கொண்டுதான் இருந்தார்; அவளும் ம் கொட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

அக்டோபர் பதினைந்தில் நிறுவனம் நன்றி தெரிவித்துவிட்டுப் பேழையை மூடியது. அந்த வாரமே காற்று நின்றது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கணவாயில் மேகம் வந்து அடைத்துக்கொள்ள, பகல் முழுக்க வானம் கழுவாத அலுமினியப் பாத்திரம் போலக் கிடந்தது. அறுபது. நாற்பத்தெட்டு. முப்பத்தேழு. கவினயா குடையைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போய்ப் பலகைகளைத் துணியால் துடைத்தாள். துடைத்த கையை எடுக்குமுன் மழை நனைத்தது. இன்னும் மூன்று நாளைக்கு மழை என்றார்கள்.

இருப்பு முப்பதைத் தொட்டால் பேழை தானாகவே சிக்கன நிலைக்குப் போகும் என்று துண்டறிக்கையில் இருந்தது. அந்த நிலையில் அது முப்பத்தைந்து வருடத்தையும் துழாவாது. நெருங்கிய சிலருக்கு மட்டும் ஆளுக்கொரு மாதிரி முகம் வைத்துக்கொள்ளும். எதிரில் இருக்கும் முகத்தை அந்த ஒன்றோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும். வயதாவதற்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், அவ்வளவுதான். 'நெருங்கிய உறவுகளை அறிவதில் குறையிராது' என்று உறுதியும் சொல்லியிருந்தார்கள். கவினயா அந்த வரியைப் பிடித்துக்கொண்டாள். யாரை விட்டாலும், முப்பத்துமூன்று வருடம் கூடவே இருந்தவளை விடாது.

விடியும் நேரத்தில் இருப்பு முப்பதுக்குக் கீழே போனது. நிதர்சன் எழுமுன்பே கவினயா அடுக்களைக்குப் போயிருந்தாள்; சற்று நேரத்தில் அண்ணாச்சி நிலவரம் விசாரிக்க வந்தார். நிதர்சன் கூடத்து நாற்காலியில் இருந்தார். "வாங்க அண்ணாச்சி, மழ விட்டுச்சா?" என்று அவர் கேட்பது அடுக்களைக்குக் கேட்டது. கவினயாவுக்கு மூச்சு வந்தது. இரண்டு டம்ளரில் காப்பியை ஊற்றி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

நிதர்சன் எழுந்து நின்றார். அந்தப் புன்னகை வந்தது.

"வாங்க, இரிங்க. கவி உள்ளதான் இருக்கா." அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏ கவி, ஒன்னத் தேடி ஒரு அம்மா வந்திருக்காவ பாரு."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்தது. கவினயாவின் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. அவள் டம்ளர்களை முக்காலியில் வைத்தாள்.  பேழை நின்றுவிட்டதோ என்ற பயத்தில் இடுப்பில் செருகியிருந்த கைத்திரையை எடுத்துக் குனிந்து பார்த்தாள். நிற்கவில்லை. இருபத்தேழு.

"இந்தா இருக்கியே," என்றார் நிதர்சன். "அந்த அம்மாவுக்கு ஒரு வாய் காப்பி குடுத்தியா?"

கவினயா நிமிர்ந்தாள். அவர் கைகூப்பினார். "இரிங்க, ஏன் நிக்கிய?"

அண்ணாச்சி காப்பியைக் கையில் எடுத்தவர் குடிக்கவில்லை. ஐம்பது வருடம் இயந்திரங்களின் சீக்கைக் கண்டுபிடித்த மனிதர். மெதுவாகச் சொன்னார்: "எம்மா, ஒரு தடவ குனி."

குனிந்தாள். "கவி, அண்ணாச்சிக்குச் சீனி பத்தல போலுக்கே," என்றார் நிதர்சன்.

"நிமிரு."

நிமிர்ந்தாள். நிதர்சன் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இரண்டு பேரும் பீரோவைத் திறந்தார்கள். பேழை வைத்திருந்த மாதிரி முகங்கள் பதினெட்டு. அண்ணாச்சி நேராகப் பார்த்துக்கொண்டு, எல்லாப் பல்லும் தெரிய இருந்தார். மீன்காரர் நேராக இருந்தார். நிதர்சனின் பழைய மேலதிகாரி, எப்போதோ செத்துப்போனவர், முறைத்தபடி நேராக இருந்தார். வரிசையில் முதலாவதாக இருந்தது கவினயா. முப்பது வயது இருக்கும். மோவாய் கழுத்தில் புதைந்திருந்தது. கண்கள் தெரியவில்லை, இமைகள் மட்டுமே தெரிந்தன. கீழேயிருந்து வந்த நீல வெளிச்சம் மூக்குக்கும் நெற்றிக்கும் மேல் விழுந்திருந்தது. கைத்திரை படத்துக்குள் வரவில்லை.

மாதிரியை இயந்திரம் தேர்ந்தெடுக்கும் முறை எளிது. ஒரு முகம் அதிக நேரம் எந்தக் கோணத்தில் பார்க்கப்பட்டதோ, அதுதான் அந்த ஆள். கவினயா அந்தக் கோணத்தில் ஆறாயிரத்து இருநூறு மணி நேரம் இருந்தாள். கட்டிலில், பேருந்தில், சோற்றுத் தட்டுக்கு முன்னால், திருச்செந்தூர்க் கடற்கரையில், நிதர்சனின் தாயார் இறந்த வீட்டுத் தாழ்வாரத்தில் அப்படியே இருந்தாள். அவளுக்கு முதலில் அவர்மீதுதான் கோபம் வந்தது. பிறகு, படத்தில் குனிந்திருப்பது அவரல்ல என்பது உறைத்தது.

கோணத்தை மாற்றிவிடலாம் என்றார் அண்ணாச்சி. நேராகப் பார்க்கும் முகத்தை எடுத்து முன்னால் வைத்தால் போயிற்று. இயந்திரமும் அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் ஒரு விதி. போகிற வழியில் பார்த்தவர்களையெல்லாம் சொந்தம் என்று கொண்டாடிவிடாமலிருக்க, மாதிரியாக வைக்கும் கோணம் குறைந்தது மூன்று மணி நேரம் பதிவாகியிருக்க வேண்டும். அவள் முகமும் அவர் முகமும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்த பதிவுகளைத் தேடச் சொன்னார்கள். பேழை நெடுநேரம் தேடியது. அவர் நிமிர்ந்த நேரமெல்லாம் அவள் குனிந்திருந்தாள். அவள் நிமிர்ந்த நேரமெல்லாம் அவர் குனிந்திருந்தார்.

முப்பத்துமூன்று வருடத்தில் ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடம்.

அதிலும் கல்யாணத்தன்று வந்தது நாற்பது நொடிதான். மேடையில் இரண்டு பேரும் படக்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். நீளமான பதிவு, மனை வாங்கியபோது நடந்த சண்டை, பதினோரு நிமிடம். மற்றது பெரும்பாலும் ஆஸ்பத்திரி. அந்த ஊர்ப் பக்கத்தில் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்காரும் வழக்கம் முன்பே குறைவு. சாப்பிடும்போது ஒருவர் நின்று பரிமாறுவார், ஒருவர் இலையைப் பார்ப்பார். கைத்திரை வந்து மிச்சத்தையும் எடுத்துக்கொண்டிருந்தது.

"எண்பத்திரண்டு நிமிசந்தான் வேணும்," என்றார் அண்ணாச்சி. "எதிர்க்க உக்காந்து பாரு. வில்லை பதிஞ்சிக்கிடும். இது ஒரு வேலையா?"

வேலைதான். இருப்பு இருபத்தைந்தாகிவிட்டது. பதினைந்துக்குக் கீழே போனால் பதிவு நின்றுவிடும். அதற்குப் பிறகு முகவூன்றியே நின்றுவிடும். புதிய மாதிரியைப் பதியும்போது பேழை கூடுதலாக மின்சாரம் குடிக்கும்; கணக்குப் போட்டுப் பார்த்தால் கையில் இருந்தது இரண்டு மணி நேரம். வானம் வெளுக்க மூன்று நாள். எண்ணிக்கை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அண்ணாச்சியே கூட இருந்து சொன்னால் என்ன என்று கவினயா கேட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"புருசனும் பொண்டாட்டியும் மூஞ்சியப் பாத்துட்டு இருக்கதுக்கு நான் எதுக்கும்மா நடுவுல?"

அவர் போன பிறகு அவள் நிதர்சனுக்குப் பக்கத்தில் வந்து, அவர் தன்னை அறிந்துகொள்வதற்காகத் தலை குனிந்துகொண்டாள்.

"இப்ப ஒரு அம்மா வந்து ஒங்களுக்கு எதிர்க்க உக்காருவாவ. அவங்க கண்ணையே பாத்துட்டு இருக்கணும். ஒண்ணரை மணி நேரம். அங்க இங்க பாக்கக் கூடாது."

"யாரு, டாக்டரா?"

"அப்படி வச்சிக்கிடுங்க."

"நீ எங்கயும் போயிராத."

"நானும் இங்கதான் இருப்பேன்."

நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள். கைத்திரையைத் திருப்பி மடியில் வைத்தாள். நிமிர்ந்தாள்.

நிதர்சன் ஸ்டுடியோவில் படம் எடுக்க உட்கார்ந்தவர் போல முதுகை நிமிர்த்திக்கொண்டார். சொன்ன சொல்லை அவர் தட்டவில்லை. அவள் கண்களையே பார்த்தார். அவருடைய இடது கண்ணின் கருவிழியில் ஓரமாக ஒரு சிறு பழுப்புப் புள்ளி இருந்தது. அது அவளுக்குத் தெரியாது. காய்ச்சலில் வந்ததா, பிறவியிலேயே உள்ளதா என்று யோசித்தாள். புருவத்தில் இரண்டு முடி மட்டும் வெள்ளையாக, மற்றதைவிட நீளமாக வளர்ந்திருந்தது. அவர் முகத்தில் அந்த விருந்தாளிப் புன்னகை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அதற்குப் பதிலாக வேறு எதுவோ வந்துகொண்டிருந்தது. என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் எதையோ தேடுவது போலிருந்தது.

அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல அவர் கண்ணுக்குள்ளேயே இடம் மாறி மாறி நின்றாள். மழை ஓட்டில் கொட்டியது. பதிவாகிறதா? வில்லை வேலை செய்கிறதா? பீரோவைச் சரியாக மூடினோமா, சாரல் அடித்தால்? இருப்பு இருபதுக்கு வந்திருக்குமோ? பதினைந்தையே தொட்டுவிட்டால், இங்கே சும்மா முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன பிரயோசனம்? மடியில் கைத்திரையின் விளிம்பு அவள் விரலில் பட்டது. கையை எடுத்தாள். மறுபடியும் விரல் அங்கேதான் போய் நின்றது.

பார்க்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். குனிந்தால் எண்ணிக்கை நின்றுவிடும். ஆனாலும் எவ்வளவு ஆகியிருக்கிறது என்று தெரியாமல் ஒரு காரியத்தை எப்படிச் செய்துகொண்டிருப்பது? உட்கார்ந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கும். முதுகு வலித்தது. ஒரே ஒரு நொடி. போனால் ஒரு நொடிதானே போகும்.

அவள் குனிந்து கைத்திரையைத் திருப்பினாள்.

நான்கு நிமிடம் பத்து நொடி.

எதிரே நாற்காலி கிறீச்சிட்டது. நிதர்சன் முதுகைத் தளர்த்திச் சாய்ந்துகொண்டார்.

"கவி, அந்த அம்மா போயாச்சா?" என்றார். "பாவம், நல்லாத்தான் பாத்துட்டு இருந்தாவ. திடீர்னு என்ன அவசரமோ."